நாடி பார்ப்பவரின் மனம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசு, எல்லோருக்கும் பயன்படும்" என்று செயலாளர் அக்கா சொன்னார். அதைப் பேச வேறு டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் டாக்டர்களைப் பற்றியே பேசப்போகிறேன். தாதிமார், மிட்வைப் அம்மாமார், தள்ளுவண்டி தள்ளும் சிற்றூழியர்கள் எல்லோரும் இதில் அடக்கம். இந்த மண்டபத்திலேயே அப்படிச் சிலர் இருக்கிறீர்கள்.

2021 ஆகஸ்ட் மாதம். டெல்டா வகைக் கொரோனா நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு வைத்தியசாலையின் கொவிட் வார்டில் இருந்தேன். ஒரு நாள் பகல், தாயார் இறந்துவிட்டார் என்று மகளுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. பூதவுடலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத காலம். அந்தப் பிள்ளை கதறினாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். தொலைபேசியை வைத்துவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். கறியில் உப்புக் கூடிவிட்டது என்று மட்டும் நினைத்தேன். அன்றிரவு படுக்கையில்தான் அது உறைத்தது. எனக்கு அழுகை வரவில்லை என்பதல்ல, எதுவுமே வரவில்லை என்பதுதான் பயத்தைத் தந்தது.

இதற்குப் 'பர்ன் அவுட்' என்று பெயர். தமிழில் பணிச்சோர்வு என்கிறோம். வெறும் அலுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அலுப்பு ஒரு நாள் தூங்கினால் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். அந்த நிறுவனம் இதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. தீராத வேலைப்பளுவின் விளைவு என்றே சொல்கிறது. இந்த வேறுபாடு எனக்கு முக்கியம். நோய் என்றால் குறை என் உடம்பில். வேலையின் விளைவு என்றால், வேலையை ஒழுங்கு செய்பவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் கவனியாமல் விட்டால் இது மனச்சோர்வு நோயாக மாறலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறது என்றால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். அது அலுப்பும் அல்ல, பலவீனமும் அல்ல.

நான் போனேனா? போனேன், நான்கு மாதம் கழித்து. அதுவும் தெரிந்தவர் கண்ணில் படாமல் வேறு ஊருக்கு. யாராவது கொஞ்சம் தடுமாறினால் "அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று சிரிக்கும் நாடு இது. அந்தப் பகிடிக்கு நானும் சிரித்திருக்கிறேன். டாக்டரே கிளினிக் வரிசையில் நின்றால் நோயாளிகள் என்ன நினைப்பார்கள் என்று வெட்கப்பட்டேன்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு பாரம். அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டினார். நான் பல்கலைக்கழகம் போனபோது லயமே வழியனுப்பியது. அப்படிப் போனவள் "என்னால் முடியவில்லை" என்று யாரிடம் சொல்வாள்? போதாததற்கு, வைத்தியசாலையில் தமிழ் பேசும் டாக்டர் நான் ஒருத்திதான். எந்த வார்டில் தமிழ் நோயாளி வந்தாலும், "மிஸ், கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று கூப்பிடுவார்கள். புற்றுநோய் என்று சொல்வதும் நான், பிள்ளை தப்பாது என்று சொல்வதும் நான். மற்றவர்களின் கெட்ட செய்தியும் என் வாயால்தான் போயிற்று. அதைக் கடமைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

பிறகு 2022 வந்தது. மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்த நேர்ந்தது. என்ன மருந்து வேண்டுமென்று தெரியும், அது இல்லை. வெளியில் வாங்கிவரச் சொல்லித் துண்டு எழுத வேண்டும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வாங்கும் அம்மா அதை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவார். வாங்கமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் குற்ற உணர்வு தூக்கமாத்திரைக்கு அடங்குவதில்லை. சக டாக்டர்கள் பலர் வெளிநாடு போனார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களின் இரவுக் கடமை எங்கள் தலையில் விழுந்தபோது மட்டும் கொஞ்சம் திட்டினேன்.

2025 மார்ச்சில் அனுராதபுரத்தில், கடமை முடித்து விடுதிக்குத் திரும்பிய பெண் வைத்தியர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். நாடெங்கும் வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு வார்டுக்கும் விடுதிக்கும் இடையிலுள்ள நூறு யார் இருட்டைப் பற்றி எங்கள் இளம் டாக்டர்மார் வாய்விட்டுப் பேசுகிறார்கள். முன்பும் பயந்தோம், பேசவில்லை. மனநலம் என்றால் ஆலோசனை வகுப்பு வைப்பது என்று நினைக்கும் நிர்வாகிகளுக்குச் சொல்கிறேன்: முதலில் அந்த வழிக்கு ஒரு விளக்குப் போடுங்கள்.

மருத்துவர்களின் ஜெனீவா உறுதிமொழி 1948இல் எழுதப்பட்டது. தன் ஆரோக்கியத்தையும் நல்வாழ்வையும் மருத்துவர் பேண வேண்டும் என்ற வரி 2017இல்தான் அதில் சேர்ந்தது. அறுபத்தொன்பது வருடம் அது யாருக்கும் தோன்றவில்லை!

நான் இப்போது நலமாக இருக்கிறேன். மருந்து எட்டு மாதம் எடுத்தேன். இதைச் சொல்லலாமா என்று என் கணவர் கேட்டார். மகள், "சொல்லுங்கம்மா" என்றாள்.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். சுகாதார சேவையில் இருக்கும் நம் பழைய மாணவிகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரியுங்கள். முதல் நியமனம் பெற்றுத் தெரியாத ஊருக்குப் போகும் தங்கைக்கு, மூத்த அக்கா ஒருவர் வாரம் ஒருமுறை அழைக்கட்டும். "சாப்பிட்டியா" என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் "தூங்கினியா" என்று கேளுங்கள். கனடாவில், லண்டனில் இருக்கும் அக்காமாரே, எங்கள் இரவுக் கடமை நேரத்தில் நீங்கள் விழித்திருப்பீர்கள். அந்த நேரம் உங்களுக்கு. உடனே உதவி வேண்டுமானால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

ஞாயிறு மாலை எனக்குக் கடமை இல்லை. பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.