பழைய லேத் மெஷினின் படுகை

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்தில் இரும்புச் சாமான் கடைகள் உண்டு. அதையொட்டிய சுங்கை ரோட்டில், 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் மூடப்படும் வரை, பழைய பொருள் சந்தை நடந்துவந்தது. பழைய கருவி வாங்குவோர் மறக்கக்கூடாத பாடம் ஒன்று உண்டு: பெயிண்டைப் பார்த்து விலை பேசாதே!

பால் வெட்டிச் சேர்த்த பணத்தில், தொழில் படித்த மகனுக்குப் பழைய லேத் மெஷின் ஒன்று வாங்கித் தர எண்ணும் பெற்றோருக்கும் இதுவே பாடம். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது படுகையை. உளியைத் தாங்கிய வண்டி தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடும் நீண்ட அடிப்பகுதிதான் படுகை. அது நேராக இருந்தால்தான் கடையும் தண்டும் நேராக வரும்.

படுகையைப் பெரும்பாலும் வார்ப்பிரும்பில் செய்வார்கள். அதில் ஏறத்தாழ 3 சதவீதம் கரி இருக்கும். அதன் பெரும்பகுதி மெல்லிய இதழ்களாகப் பரவி, ஓரளவு எண்ணெய் போல வழுவழுப்புத் தரும், அதிர்வையும் அடக்கும்.

கடினத்தை எப்படி அளப்பது? சுவீடன் நாட்டுப் பிரினெல் 1900இல் ஒரு வழி சொன்னார். 10 மில்லிமீட்டர் குண்டை 3000 கிலோ பாரத்தில் அழுத்தி, விழும் குழியை அளப்பது அது. சாதாரணப் படுகை சுமார் 200 பிரினெல் காட்டும். சுடர்காட்டிச் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கிய படுகை 400க்கு மேலும் காட்டும்.

அப்படியானால் கடினமான படுகை தேயவே தேயாதா? தேயும், நேயர்களே! மணலோ இரும்புத் தூளோ வண்டியின் மென்மையான அடியில் பதிந்துகொண்டால், எதிரே உள்ள கடினமான படுகையை அரம்போல் அராவிவிடும். வேலை மிகுதியாக நடப்பது சக்குக்கு அருகில். ஆகவே அங்கேதான் பள்ளம் விழும்.

வாங்குமுன் வண்டியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கையால் ஓட்டிப் பாருங்கள். சக்கின் பக்கம் லொடலொடவென்றும், மறுபக்கம் இறுக்கமாகவும் இருந்தால் படுகை தேய்ந்திருக்கலாம். அனுபவமுள்ள பிட்டரை அழைத்துச் சென்று அளக்கச் சொல்லுங்கள். சாதாரணப் படுகையைச் சுரண்டிச் சமப்படுத்தலாம். கடினமாக்கிய படுகையைச் சாணை மெஷினில்தான் அரைக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

வாங்கியபின் மகனிடம் சொல்லுங்கள்: "தம்பி, தினமும் வேலை முடிந்ததும் சீவலைத் துடை, எண்ணெய் தடவு. படுகைமேல் சுத்தியலை வைக்காதே." பால் வெட்டும் கத்தியைத் துடைத்துப் பேணும் உங்களுக்கு இது புதிதல்ல. இரும்பின் கடினம் பாதி; அதைப் பேணும் கை மறுபாதி.