மூத்த குழந்தை சவலை பாயாமல் காப்போம்

(தா.பழூர் வட்டார உழவர் குடும்பத்தினருக்கு ஆற்றிய உரை)



வீட்டில் புதுக் குழந்தை பிறந்துவிட்டால் தூளி கட்டுவது, பெயர் வைப்பது, காப்புப் போடுவது என்று எல்லார் கண்ணும் அதன் மேலேயே இருக்கும். இருக்க வேண்டியதுதான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, நேற்று வரை அம்மா மடியில் இருந்துவிட்டு இன்று திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மூத்த குழந்தையைப் பற்றி.

அதற்கு நம் மொழியில் ஒரு பெயரே உண்டு: சவலைப் பிள்ளை. தாய் மறுபடி கருவுற்றதாலோ, அடுத்தது பிறந்ததாலோ பால் மறக்கடிக்கப்பட்டு இளைத்துப்போகும் பிள்ளையை அப்படிச் சொல்வார்கள். நம் பாட்டிமார் கண்டு வைத்திருந்த இந்தச் சங்கதி மருத்துவ நூல்களில் ஏறியது பிந்தித்தான். இன்று கானா என்று வழங்கும் ஆப்பிரிக்க நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், தாய்ப்பால் குறைந்து மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றி 1933-இல் எழுதினார். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி, ஓயாமல் சிணுங்கும் குழந்தைகள் அவை. 1935-இல் அந்த நோய்க்கு அவ்வூர் மக்கள் வழங்கிய பெயரையே வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்தது பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நம் சவலைக்கும் அதற்கும் எத்தனை நெருக்கம் பாருங்கள்! (மக்காச்சோளம் பயிரிடும் நம் மாவட்டத்தார் கோபிக்க வேண்டாம். குற்றம் தானியத்தில் இல்லை. அது ஒன்றையே முழு உணவாகக் கொடுத்ததில் இருக்கிறது.)

முற்றிய நிலையில் அந்த நோயை இப்போது நம் ஊர்களில் முன்போல் காண்பதில்லை. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982-இல் சத்துணவுத் திட்டமும் வந்தன. அவற்றால் விளைந்த நன்மை கொஞ்சமல்ல. ஆனால் எடை ஏறாமல் நிற்கும் குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். காரணம் இரண்டு. ஒன்று, பால் நிற்கிறது. மற்றொன்று, ஊட்டிய கை நிற்கிறது. பால் நிற்பதை எல்லாரும் அறிவார்கள். ஊட்டிய கை நின்றதை வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பாலை முதலில் பார்ப்போம். மறுபடி கரு தரித்தது தெரிந்ததும், "இனி இந்தப் பால் ஆகாது" என்று மார்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் மறக்கடிப்பது வழக்கம். இது தேவையில்லை. உதிரப்போக்கோ குறைமாதப் பேறோ முன்பு கண்டிராத, நல்லபடியாக இருக்கும் தாய், கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கலாம், பால் கெட்டுப்போவதில்லை. சந்தேகம் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். நிறுத்துவதானால் ஒரு வேளை, இரு வேளையாகக் குறைத்து, அந்த வேளைக்கு வேறு உணவும், கட்டிக்கொள்ள ஒரு மடியும் கொடுத்து நிறுத்துங்கள். ஒரு குழந்தை பிறந்து 24 மாதமாவது கழித்து அடுத்த கருவை வரவேற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படிச் செய்தால் மூத்தது இரண்டு வயது நிறையப் பால் குடித்திருக்கும், தாயும் தேறியிருப்பாள்.

மூத்ததற்குத் தனித் தட்டு வையுங்கள். கூட்டுத் தட்டில் எத்தனை கவளம் சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. மூன்று வேளையும் இடையில் இரு முறையும் உணவு வேண்டும். குழைந்த சோற்றில் பருப்பும் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்க்கலாம். முட்டை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, நம் காட்டு நிலக்கடலை எல்லாம் நல்லவை. கடலையையும் முந்திரியையும் பொடித்தே கொடுங்கள். முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அந்தக் குழந்தைக்கென்றே தரப்படுவது. வீட்டில் எல்லாருக்கும் பங்கு போட்டுவிடாதீர்கள். ஒன்று முதல் மூன்று வயது வரை ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ எடை ஏற வேண்டும். மாதந்தோறும் எடை பாருங்கள். தொடர்ந்து ஏறாமல் நின்றாலோ, பாதம் வீங்கினாலோ தா.பழூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

இனி மனம். நாற்றைப் பறித்து நட்ட வயலைப் பாருங்கள். ஒரு வாரம் வெளுத்துத்தான் நிற்கும். வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். அந்த ஒரு வாரத்தில் பயிரைத் திட்டுகிறவர் உண்டா? மூத்த குழந்தையும் அப்படித்தான். விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வரும், விரல் சூப்பும், மழலை பேசும், தொட்டிலைப் பிடித்து உலுக்கவும் செய்யும். அடிக்காதீர்கள். அந்தச் சமயத்தில் தண்ணீர் கட்டுகிற வேலை தகப்பனாருடையது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் பக்கத்தில் படுக்க வைப்பது ஆகிய மூன்றையும் பேறுக்கு இரண்டு மாதம் முன்பே அவர் பழக வேண்டும். படுக்கை இடத்தை மாற்றுவதும் பால்வாடிக்கு அனுப்பத் தொடங்குவதும் அதே காலத்தில் முடிந்துவிடட்டும். பேறு நடந்த வாரத்தில் அனுப்பினால், தம்பி வந்தான், நம்மைத் துரத்தினார்கள் என்றே அது எண்ணும்.

மதனத்தூர் பாலம் தாண்டிக் கும்பகோணம் பக்கம் தாய்வீடு போகும் பெண்கள் நம்மில் பலர். மூத்ததையும் உடன் அழைத்துப்போவதே நல்லது. முடியாவிட்டால் யாரிடம் விடப்போகிறீர்களோ, அவரிடம் முன்கூட்டியே சில இரவுகள் விட்டுப் பழக்குங்கள். சொல்லாமல் விட்டுச் செல்லாதீர்கள். முதன்முதலாகக் குழந்தையைக் காட்டும்போது அது பாட்டி கையில் இருக்கட்டும். தாயின் இரு கைகளும் மூத்ததை அணைக்கக் காலியாக இருக்க வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு சொல். "உனக்கு இனி மவுசு போச்சு, அம்மா தம்பிக்குத்தான்" என்று விளையாட்டாகச் சொல்வதை விட்டுவிடுங்கள். குழந்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மூத்தது பெண்ணாகவும் வந்தது ஆணாகவும் இருந்துவிட்டால் இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகிவிடுகிறது. எட்டு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் தூளி ஆட்ட நிறுத்துகிற வீட்டாரிடம் நான் நயமாகப் பேசப்போவதில்லை, அது தவறு. துணி எடுத்துக் கொடு, பாட்டுப் பாடு என்று சிறு வேலை சொல்லலாம். அது மகிழ்ந்து செய்யும். ஆனால் சிறு பிள்ளையைக் கைக்குழந்தையுடன் தனியே விடக்கூடாது.

ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். சம்பா நடவு நேரத்தில் பேறு வந்தால், மூத்த குழந்தை தகப்பன் பின்னாலேயே பொன்னாற்றுப் பாசன வயலுக்கு வந்துவிடும். வேலை மும்முரத்தில் அதை யார் பார்ப்பது? வாய்க்கால், பண்ணைக்குட்டை, சுவரில்லாத கிணறு, மோட்டார் கொட்டகையில் பூச்சிமருந்துப் புட்டி என்று எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கும். மருந்தைப் பூட்டி வையுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் குறித்து வைத்த பிறகே சேற்றில் இறங்குங்கள்.

தாய்மார்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மறந்த பிள்ளை, தம்பி குடிப்பதைப் பார்த்து மறுபடி பால் கேட்கிறதே, கொடுக்கலாமா?" கொடுக்கலாம். முதல் நாட்களில் சீம்பால் பிறந்த குழந்தைக்கே. அது குடித்த பிறகு மூத்தது வாய் வைக்கட்டும். பெரும்பாலும் இரண்டு வாய் சுவைத்துப் பார்த்துவிட்டு, தன் தட்டைத் தேடி எழுந்து போய்விடும்.