திரையில் மட்டும் வளரும் இலாபம்



கள்ளாமை நோன்பு காக்கும் சிராவகர் பிறர் களவை எளிதில் ஐயுறார். போலிப் பங்குத் தரகர்க்கு அதுவே வாய்ப்பு. வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துச் செயலி ஒன்றைத் தருவர். முதலில் சிறு தொகையைத் திருப்பியும் அளிப்பர். நம்பிப் பெருந்தொகை இட்டபின் திரையில் இலாபம் வளரும். எடுக்க முயன்றாலோ, ‘முதலில் வரி கட்டுக’ என்பர். மெய்யான தரகர் அவ்வாறு கேட்பதில்லை.

செபியின் பதிவெண்ணைக் காட்டுவதும் போதாது. அதுவும் பிறருடையதாக இருக்கலாம். செபியின் இணையதளத்தில் பெயரையும் எண்ணையும் ஒப்பிடுதல் வேண்டும். பணம் தனியாள் கணக்குக்குச் செல்லுமாயின் அது மோசடியே. 2025 அக்டோபர் முதல், பதிவுபெற்ற தரகரின் யுபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்னும் சொல் அமைந்திருக்கும். வாங்கியதாகச் சொல்லும் பங்குகள் என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். அனுப்பும் அறிக்கையில் இல்லையெனில், அவை வாங்கப்படவே இல்லை.

இழந்தோர் நாணி மறைப்பது இயல்பு. ஆயினும் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தால், பணம் கைமாறுமுன் முடக்க வழியுண்டு.