அலைப்பலகையும் நம் இல்லமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பொம்மனஹள்ளியில் கடல் ஏது, அலைப்பலகை ஏது என்று சிலர் புன்முறுவல் பூக்கலாம். ஆயினும் விடுமுறைக்குச் சென்னை சென்று, கோவளம் கடலில் அலைச்சறுக்குப் பயின்று, பலகையோடு திரும்பும் பிள்ளைகள் இன்று நம் குடியிருப்பிலும் உளர். அப்பலகை கடலில் இருப்பது ஆண்டில் சில நாள். மற்ற நாளெல்லாம் நம் வீட்டுச் சுவரோரமே. ஆதலின் அதன் ஆயுளை முடிவு செய்வது அலையன்று, நாமே.

இவ்விளையாட்டைச் சிறிதென்று எண்ண வேண்டா. மீனவர் குடியில் பிறந்த மூர்த்தி மேகவன் கோவளத்துப் பிள்ளைகளுக்கு இக்கலையைக் கற்பித்தார். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில், கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார். அப்போட்டியில் தனிப்பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

அலைப்பலகையின் உள்ளே இருப்பது நுரைப்பொருள். மேலே கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த மெல்லிய தோல். தோலில் வெடிப்பு விழுந்தால் நீர் உட்புகும். ஒரு முறை நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். நகமளவு வெடிப்பைக் கண்டும், ஈரம் உலருமுன் ஒட்டுத்தாளால் மூடி மூலையில் வைத்துவிட்டோம். மூன்று திங்கள் கழித்துப் பார்த்தால் நுரை மஞ்சளித்து, தோல் உப்பி எழுந்திருந்தது. மறைத்த காயம் ஆறுவதில்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

கடலிலிருந்து வந்ததும் பலகையை நன்னீரால் கழுவி, நிழலில் உலர்த்துக. வெயிலிலும் மூடிய காரிலும் விட்டால் வெப்பத்தால் தோல் கழன்றுவிடும். பழைய மெழுகைச் சீப்பால் வழித்து, எஞ்சியதைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம். வெடிப்பு இருந்தால், அது கீழ்நோக்கும்படி வைத்து, நீர் முற்றும் வடிந்து உலரும்வரை பொறுத்திருங்கள். பின்னரே உப்புத்தாளால் தேய்த்துப் பிசின் இடுக. உள்நுரை தெர்மாகோல் இனமாயின் எப்பாக்சிப் பிசினே ஏற்றது. பாலியெஸ்டர்ப் பிசின் அந்நுரையைக் கரைத்துவிடும். காற்றோட்டமுள்ள இடத்தில் கையுறையும் முகமூடியும் அணிந்து, பெரியோர் உடனிருக்க இதைச் செய்க.

நம் ஊருக்கென்றே ஒரு செய்தியும் உண்டு. பெங்களூரு கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மேலேறும்போது பலகைக்குள் அடைபட்ட காற்று விரியும். சில பலகைகளில் அதற்கெனச் சிறு திருகு உண்டு. பயணத்தில் அதைத் திறந்து வைத்து, கடலில் இறங்குமுன் மறவாது மூடுக.

காலையும் பலகையையும் பிணைக்கும் கயிற்றை முழுதும் தடவிப் பாருங்கள். சிறு கீறல் இருப்பினும் மாற்றிவிடுங்கள். அலையிடை அது அறுந்தால், மிதந்து பற்ற வேண்டிய பலகை பிள்ளையை விட்டு அகன்றுவிடும். இதில் சிக்கனம் பார்த்தல் ஆகாது.

நம் மீனவர், கரை சேர்ந்ததும் கட்டுமரத்தை அவிழ்த்து, மரங்களை மணலில் உலர்த்துவர். நீருண்ட மரம் கனக்கும் என்பதை அவர்கள் அறிவர். கலம் புதிதாயினும் நெறி பழையதே.

பிள்ளைகளே, இன்று வீடு திரும்பியதும் பலகையைச் சுவரோரத்திலிருந்து எடுத்து, விளக்கொளியில் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கடலில் உங்களைத் தாங்கவிருப்பதை இங்கே நீங்கள் தாங்குங்கள்.