வினவும் முறை

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கணினி மொழி பயிலப் புகுவோரிற் சிலர் முதல் தடை வந்தவுடனேயே அதனைக் கைவிடுகின்றனர். அவர்களுக்கு அறிவு குறைவென்று நான் கருதவில்லை. எங்கே, எவ்வாறு உதவி கேட்பதென்பதை அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பைதன் என்னும் மொழியை உதாரணமாகக் கொள்வோம். ஒல்லாந்து தேசத்தவரான குயிடோ வான் றொசம் இதனை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதல் உதவி இம்மொழிக்குள்ளேயே இருக்கின்றது. 'ஹெல்ப்' என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால், அதன் விளக்கம் திரையில் தோன்றும்.

இரண்டாவது உதவி, நாம் கண்டு அஞ்சும் பிழைச்செய்தி. ஒருவன் 'இன்புட்' என்னும் கட்டளையால் வயதைப் பெற்று, அதனோடு ஒன்றைக் கூட்ட முயல்கின்றான். கணினி 'ரைப் எறர்' என மறுக்கின்றது. அச்செய்தியின் கடைசி வரியை முதலிற் படித்தால் காரணம் புலப்படும். 'இன்புட்' தருவது எப்பொழுதும் எழுத்துத் தொடரே. 20 என்று தட்டினாலும் அஃது எண்ணாகாது. 'இன்ற்' என்னும் கட்டளையால் எண்ணாக மாற்றிய பின்னரே கூட்டலாம்.

நிற்க. இவை போதாவிடின் அறிந்தோரை நாடவேண்டும். "என் செய்நிரல் வேலை செய்யவில்லை" என்பது முறையீடு. அதற்கு எவராலும் விடை கூற இயலாது. யாது விரும்பினீர், யாது எழுதினீர், யாது கிடைத்தது என்னும் மூன்றையும் கூறுங்கள். மொழியின் பதிப்பையும் குறிப்பிடுங்கள். இரண்டாம் பதிப்பில் 'பிறின்ற்' கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டியதில்லை. 2008இல் வந்த மூன்றாம் பதிப்பில் அஃது இன்றியமையாதது. நூறு வரிகளைக் காட்டாது, பிழை தோன்றும் ஐந்தாறு வரிகளை மட்டும் பிரித்துக் காட்டுங்கள். அவ்வாறு பிரிக்கும்பொழுதே பலமுறை விடை அகப்பட்டுவிடும்.

இக்காலத்திற் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிப்பொழுதில் விடை தருகின்றன. ஆயினும், இல்லாத கட்டளையை இருப்பதாகவே அவை கூறுவதும் உண்டு. ஆதலால் இயக்கிப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நீங்களே காரணம் சொல்லும்வரை அவ்விடை இரவற் பொருளேயாகும். பரீட்சை மண்டபத்திலும் வேலைத்தலத்திலும் இரவற் பொருள் கைகொடாது.

உடன் கற்பாரோடு கலந்து பயில்வதும் கல்வியின் ஒரு பகுதியென நன்னூல் கூறும். ஆகவே இளைஞர்களே, இருவர் மூவராகக் கூடிப் பயிலுங்கள். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: "இதுகூடத் தெரியாதா?" என்று கேளாதீர்கள். அச்சொல்லைக் கேட்ட பிள்ளை மறுமுறை வாய் திறவாது. இன்று ஐயம் தீரப் பெற்றவர், நாளை தம்மிலும் இளையவர் ஒருவரின் ஐயத்தைத் தீர்ப்பாராக.