தொப்புள்கொடி இரத்தம்: வீட்டுக்கா, ஊருக்கா?



காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டுவது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். இன்று கொடியில் மிஞ்சும் இரத்தத்தைச் சேமிக்க வங்கிகளே வந்துவிட்டன. முதல் பிள்ளையை எதிர்பார்க்கும் தம்பதியர் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நம் பிள்ளைக்கென்று பணம் கட்டித் தனியார் வங்கியில் வைப்பதா? பொது வங்கிக்குத் தானமாகக் கொடுப்பதா?

அந்த இரத்தத்தில் புதிய இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்கள் உள்ளன. 1988-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டாக்டர் எலியான் குளூக்மன் குழுவினர் முதன்முதலாக அதைக் கொண்டு மாற்றுச் சிகிச்சை செய்தனர். ஃபான்கோனி இரத்தச்சோகை கண்ட ஒரு சிறுவன் பிழைத்தான். அவனைக் காப்பாற்றியது அவனுடைய சொந்தக் கொடி இரத்தமன்று. புதிதாய்ப் பிறந்த அவன் தங்கையினுடையது. இந்தச் செய்தியில்தான் நம் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது.

தனியார் வங்கியில் வைப்பதைப் பலர் பிள்ளைக்குச் செய்யும் காப்புறுதியாக நினைக்கிறார்கள். ஆனால் தலசீமியா போன்ற பரம்பரை நோய் கண்ட பிள்ளைக்கு அதன் சொந்த இரத்தம் உதவாது. அதே குறை அந்த இரத்தத்திலும் இருக்கும். இரத்தப் புற்றுநோய் வந்தாலும், நோயின் வித்து பிறவியிலேயே அதில் இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் தயங்குவர். சொந்த இரத்தம் சொந்தப் பிள்ளைக்கே பயன்படும் நேரங்கள் மிக அரிது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017-இல் பொது வங்கியையே பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் தனியார் சேமிப்பு வீண்தானா? அப்படியும் சொல்வதற்கில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தலசீமியாவோ இரத்தப் புற்றுநோயோ இருந்தால் கதை வேறு. உடன்பிறந்தவரின் திசு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தகைய குடும்பம் மருத்துவரின் ஆலோசனையோடு அவசியம் சேமிக்க வேண்டும்.

மற்றவர்கள் பணத்தையும் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். தனியார் வங்கியில் தொடக்கக் கட்டணத்தோடு முடிவதில்லை. ஆண்டுக் கட்டணம் பல ஆண்டுகள் தொடரும். 2023 நவம்பரில் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு ஒரு செய்தியை வெளியிட்டது. தனியார் வங்கி ஒன்றின் 22 கலன்களில் 7, தகுந்த அளவைத் தாண்டிய வெப்பநிலைக்கு ஆளாகியிருந்தன. ஒரு கலனில் மட்டும் சுமார் 2,200 பைகள் சேதமுற்றன. பெற்றோர் பட்ட வேதனையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கையெழுத்திடும் முன், வெப்பநிலையை யார் கண்காணிக்கிறார்கள், அனைத்துலகத் தரச்சான்று உண்டா, இதுவரை எத்தனை பைகள் சிகிச்சைக்குச் சென்றன என்று கேளுங்கள்.

பொது வங்கிக்குக் கொடுக்கப் பெற்றோர் கட்டணம் செலுத்துவதில்லை. சிங்கப்பூரின் பொது வங்கி 2005-இல் தொடங்கப்பட்டது. கொடுத்த பின் அந்த இரத்தம் குடும்பத்தின் உடைமை அன்று. பொருந்துகிற எந்த நோயாளிக்கும் அது போகும். அணுக்கள் குறைவாக இருந்தால் சேமிக்கவும் மாட்டார்கள். இதைத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

இதில் நம் சமூகத்துக்கென்று ஒரு கடமை உண்டு. திசுப் பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனத்தவரிடையேதான் எளிதில் கிடைக்கும். இங்கே நாம் சிறுபான்மையினர். நாளை ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் குருத்தணு தேவைப்பட்டால், மருத்துவர்கள் தேடும் பட்டியலில் நம்மவர் கொடுத்தது இருக்க வேண்டுமல்லவா? எல்லாரும் தத்தம் பிள்ளைக்கென்று பூட்டி வைத்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்?

ஒன்றை மறக்க வேண்டாம். பிறந்து ஒரு நிமிடமாவது கழித்தே கொடியைக் கட்ட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சேமிப்புக்காக அந்த நேரத்தைக் குறைக்க விடாதீர்கள். முதல் உரிமை பிறந்த குழந்தைக்கே.

வலி எடுத்த பிறகு யோசிக்க நேரமிருக்காது. ஆறாம் ஏழாம் மாதத்திலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். இரு வீட்டிலும் இரத்த நோய் உண்டா என்று பெரியவர்களைக் கேளுங்கள். இருந்தால் வீட்டுக்குச் சேமியுங்கள். இல்லையென்றால் ஊருக்குக் கொடுக்க வழியுண்டா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். பயத்தால் மட்டும் முடிவெடுக்காதீர்கள்.