சிட்னி துறைமுகத்தில் வண்ண மீன்களைப் படமெடுக்கும் கலை

பிப்ரவரி மாதத்தில் சிட்னி துறைமுகத்தின் கரையோரப் பாறைகளுக்கு நடுவே முகமூடி அணிந்து நீருக்குள் குனிந்து பார்ப்பவர்களின் கண்ணில், அந்த ஊருக்கு உரியவையல்லாத சில மீன்கள் படும். முதுகில் மஞ்சள், விலாவில் வெள்ளி, மேலிருந்து கீழாக ஐந்து கறுப்புப் பட்டைகள் என்று மிடுக்காகத் திரிவது சார்ஜென்ட் மீன். வெள்ளை உடலில் சாய்வான கோடுகளும், வால்பக்கம் மஞ்சளும், கண்ணை மறைத்து ஓடும் ஒரு கறுப்புப் பட்டையுமாகப் பாறைப் பிளவுகளில் புகுந்து புறப்படுவது வண்ணத்துப்பூச்சி மீன். இரண்டும் பவளப்பாறைக் கடலுக்குரியவை. மன்னார் வளைகுடாவில் முக்குளிப்பவர்களுக்கும் இவை பழகிய மீன்களே. சிட்னிக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சுகள்.

இவற்றைக் கொண்டுவருவது கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம். 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நெமோ’ படத்தில் ஆமைகள் சவாரி செய்யும் அதே நீரோட்டம்தான். பவளத்திட்டில் பொரித்த மீன் குஞ்சுகள் முதல் சில வாரங்களுக்கு நீரோடு மிதந்தே வாழும். அந்த நாட்களில் தெற்கு நோக்கி இழுபட்டவை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடந்து, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் கரையை அடைகின்றன. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும்வரை வளர்கின்றன. குளிர்காலத்தில் நீரின் வெப்பம் 17, 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. அடுத்த கோடையில் புதிய குஞ்சுகள் வரும்.

ஒரு பருவம் மட்டுமே வாழ வாய்ப்புள்ள இந்த மீன்களைப் படமெடுப்பது சிட்னிவாசிகள் பலருக்கு ஆழ்ந்த ஈடுபாடாகிவிட்டது. அலுவலகம் முடிந்து மாலையில் இறங்குபவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் கல்லூரி மாணவர்களும் இதில் இருக்கிறார்கள். அவர்களின் படங்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அழகும் சாட்சியமும் ஒரே சட்டகத்துக்குள் சேரவேண்டிய அரிய கலை இது. இதன் பலத்தையும் குறையையும் எடைபோடுவதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் தொழில்நுட்பம். நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. நாலைந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அது பெருமளவு மங்கிவிடும். படம் நீலமும் பச்சையுமாகச் சாயும். துறைமுகப் படக்காரருக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு உண்டு. குஞ்சுகள் தங்குவது ஆழமற்ற பாறைப் பகுதிகளில். ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில், உச்சி வெயில் நேரத்தில், ஃபிளாஷ் இல்லாமலே மீனின் மஞ்சள் மஞ்சளாகவே பதியும். காற்று உருளையும் படகும் வேண்டாம். மூச்சுக்குழாயும், நீர்புகாத ஒரு சிறிய கேமராவும் போதும்.

ஆனால் துறைமுக நீர் பவளக்கடல்போல் தெளிந்ததல்ல. மழை பெய்தால் நகரத்து வடிகால்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். கனமழைக்குப் பின் 3 நாட்கள் துறைமுகத்தில் நீந்த வேண்டாம் என்று மாநில அரசின் பீச்வாட்ச் திட்டம் அறிவுறுத்துவது உடல்நலத்துக்காக. படக்காரருக்கோ அவை நீர் கலங்கிய நாட்களும்கூட. கடல் ஏறும் நேரத்தில் வெளியிலிருந்து தெளிந்த நீர் உள்ளே வருகிறது. எனவே அனுபவசாலிகள் ஏற்றவற்றக் கணக்கைப் பார்த்து, நீர் நிரம்பி நிற்கும் வேளையில் இறங்குகிறார்கள். கலங்கிய நீரில் ஃபிளாஷை மீனுக்கு நேராக அடித்தால் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாக ஒளிரும். விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளிப் பக்கவாட்டில் வைப்பதும், மீனுக்கும் லென்சுக்கும் இடையிலுள்ள நீரைக் குறைப்பதும்தான் வழி. நெருங்கிப் போகத் தெரிந்தவருக்கே இந்தக் கலை வசப்படும்.

நெருங்குவது எளிதல்ல. நீந்துபவரின் நிழல் மேலே விழுந்தாலே குஞ்சு பிளவுக்குள் பாய்ந்துவிடும். துரத்தியவருக்குக் கிடைப்பது வால் மட்டும். ஓரிடத்தில் மிதந்து, கைகால் அசைக்காமல் காத்திருந்தால் சிறிது நேரத்தில் மீன் மேய்ச்சலுக்குத் திரும்பும். அப்போது மீனின் மட்டத்துக்குத் தாழ்ந்து, கண்ணில் ஃபோகஸ் வைக்கவேண்டும். வண்ணத்துப்பூச்சி மீனிடம் இதுவே பெரும் சோதனை. அதன் கண் கறுப்புப் பட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. முதுகுத்துடுப்பின் பின்பகுதியிலோ பொய்க்கண்போல ஒரு கரும்புள்ளி. அவசரத்தில் கேமராவின் தானியங்கி ஃபோகஸ் புள்ளியைப் பிடித்துக்கொள்ளும், முகம் மங்கிவிடும். சார்ஜென்ட் மீனில் சிக்கல் வேறு. அதன் வெள்ளி விலா வெயிலைத் திருப்பி அடிப்பதால் செதில்களின் விவரமே வெளுத்துப்போகும். ஒளியைச் சற்றுக் குறைத்து எடுப்பவருக்குத்தான் ஐந்து பட்டைகளும் தனித்தனியாகத் தெரியும்.

வெளிச்சத்துக்கான இந்தப் போராட்டம் புதிதல்ல. 1926-ல் ஃபுளோரிடாவின் ட்ரை டோர்டுகாஸ் தீவுகளில் வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் கடலடி மீனை முதன்முதலாக வண்ணத்தில் படமெடுத்தபோது, வெளிச்சத்துக்காக மிதவை ஒன்றில் மக்னீசியப் பொடியை வெடிக்க வைத்தார்கள். அந்தப் படங்கள் 1927 ஜனவரி நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்தன. லாங்லி உயிரியலாளர், மார்ட்டின் அந்த இதழின் படக்கலைஞர். அறிவியலும் கேமராவும் இந்தக் கலையின் தொடக்கத்திலேயே கைகோத்திருந்தன.

இன்று அந்தக் கூட்டு பொதுமக்களின் கைக்கு வந்திருக்கிறது. தாஸ்மேனியாவில் 2009-ல் தொடங்கிய ரெட்மேப் திட்டம், வழக்கமான எல்லைக்கு அப்பால் காணப்படும் கடல் உயிர்களின் படங்களை மக்களிடமிருந்து பெற்று நிபுணர்களைக் கொண்டு சரிபார்க்கிறது. சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகம், ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஆஸ்திரலேசிய மீன்களுக்கென்றே ஒரு திட்டத்தை நடத்துகிறது. துறைமுகத்தில் பதிவான மீன் வகைகள் 580-க்கும் மேல். இத்தனை வகையிலும் அரிதாக வந்துபோகும் ஒரு குஞ்சை ஆய்வுக் குழுக்கள் மட்டுமே தேடிப் பிடிக்க முடியாது. நாள்தோறும் நீரில் இறங்கும் மக்கள் கண்டுவிடுகிறார்கள். இடமும் தேதியும் சேர்ந்த தெளிவான படம் இருந்தால் அந்தக் காட்சி ஆதாரமாகிறது.

நல்ல படத்தில் மீன் மட்டும் இருப்பதில்லை. சிட்னிக்கு வரும் சார்ஜென்ட் குஞ்சுகள் அடிக்கடி உள்ளூர் மாடோ மீன் கூட்டத்தோடு கலந்து திரியும். அப்படிக் கலந்து வாழும் குஞ்சுகள் தங்கள் இனத்தோடு மட்டும் இருப்பவற்றைவிட நன்றாக வளர்வதையும், அதிகம் பிழைப்பதையும் சிட்னி ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சார்ஜென்டை மட்டும் வெட்டி எடுத்து, பின்னணியை இருட்டாக்கிப் போட்டிக்கு அனுப்பிய படத்தில் அந்த மாடோக்கள் இல்லை. சட்டகத்தைக் கொஞ்சம் அகலமாக வைத்த படத்தில் அண்டை மீன், பாறை, பாசி, நீரின் நிறம் எல்லாம் உண்டு. மதிப்பிடும்போது இரண்டாவது படத்துக்கே முதலிடம் தரவேண்டும். பார்க்கவும் அதில் அதிகம் இருக்கிறது.

கடலடிப் படங்கள் எவ்வளவு தூரம் பேசக்கூடியவை என்பதற்கு வடக்கே காஃப்ஸ் ஹார்பர் அருகிலுள்ள சாலிட்டரி தீவுகள் சான்று. அங்கே 2002 முதல் 2011 வரை எடுத்த நீரடி வீடியோக்களை ஆராய்ந்தவர்கள், கெல்ப் எனும் பெரும்பாசிக் காடு படிப்படியாகக் குறைந்து மறைந்ததைக் கண்டார்கள். பாசியைத் தின்னும் வெப்பக்கடல் மீன்கள் பெருகியதும், பாசி இலைகளில் கடித்த தடம் கூடியதும் அதே வீடியோக்களில் பதிந்திருந்தன. கடல் சூடாவதால் ஒரு வாழிடமே மாறியதை ஆண்டுக்கணக்கில் சேர்ந்த காட்சிகள் மெய்ப்பித்தன.

குறைகளையும் சொல்லியாகவேண்டும். படத்துக்காக மீனை விரலால் தள்ளுவதும், கடல்குதிரையைப் பிடித்து வேறு கொடியில் வைப்பதும் சில இடங்களில் நடக்கின்றன. கடல்குதிரை போன்ற, கடலின் அடித்தரையில் வாழும் மீன்களை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, ஃபிளாஷ் வெளிச்சத்தைவிடக் கையால் தொட்டு நகர்த்துவதே அவற்றை அதிகம் அலைக்கழிக்கிறது என்று கண்டது. துறைமுகத்தின் கிளிஃப்டன் கார்டன்ஸ் பகுதியில் வாழும் ஒயிட் கடல்குதிரை அழியும் ஆபத்திலுள்ள இனம். அதைத் தொட்டு எடுத்த படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பாராட்டுக்குரியதல்ல. கணினியில் நிறத்தைக் கூட்டுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நீர் விழுங்கிய சிவப்பை மீட்பது நியாயம். மீனிடம் இல்லாத நிறத்தைச் சேர்த்தால் இனம் அறிவதே பிழையாகும்.

இன்னொரு குறை, படக்காரர்களின் கண் பகட்டான மீனையே நாடுவது. பழுப்பும் சாம்பலுமான குஞ்சுகள் பட வரிசையில் அரிதாகவே இடம் பெறுகின்றன. அவற்றிலும் வெகுதூரம் பயணம் செய்து வந்தவை உண்டு.

பெரிய இடைவெளி குளிர்காலத்தில்தான். மே மாதம் தாண்டியதும் பலர் கேமராவைத் துடைத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். கடல் சூடாகிவரும் இக்காலத்தில் ஆய்வாளர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, இந்தக் குஞ்சுகள் குளிரைத் தாண்டிப் பிழைத்து இங்கேயே குடியேறுமா என்பது. சில வெதுவெதுப்பான ஆண்டுகளில் சில குஞ்சுகள் தாண்டியிருக்கின்றன. எங்கே, எத்தனை என்று சொல்லவேண்டுமானால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் படங்கள் வேண்டும். கோடையில் மீன் கண்ட அதே பாறைக்குத் தடித்த நீச்சலுடை போட்டுக்கொண்டு போய், மீன் இருந்தால் மீனையும் இல்லையென்றால் காலியான பிளவையும் தேதியோடு படமெடுத்துப் பதிவிடுபவர்கள் இப்போதும் சிலர் இருக்கிறார்கள். இந்தக் கலைக்கு வரும் ஆண்டுகளில் மிகவும் தேவைப்படுபவர்கள் அவர்கள்தான்.